‘ஸ்டேட் வந்திருக்கிறது’: அமெரிக்க நர்சிங் ஹோம் ஊழியர்களை ஆய்வுக்குத் தயார் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒரு விளக்கம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பத்து இருபது படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை, பிரசவத்துக்குப் போகும் இடம். அமெரிக்காவில் அந்தப் பெயருக்குப் பொருளே வேறு. நடக்க முடியாதவர்கள், மறதி நோய் வந்தவர்கள், பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர்கள் என்று முதியவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில், பலர் கடைசி மூச்சுவரை தங்கியிருக்கும் வீடு அது. வேலூரிலும் நாகர்கோவிலிலும் நர்சிங் முடித்து விசா வாங்கி வரும் நம் பிள்ளைகள் சிலருக்கு முதல் வேலை இப்படி ஓர் இடத்தில் கிடைக்கிறது. நானும் அப்படி வந்தவள்தான், இப்போது ஒரு நர்சிங் ஹோமில் ஊழியர்களுக்குப் பயிற்சி தருகிற நர்ஸ். “அக்கா, ஸ்டேட் எந்த நாளும் வரலாம் என்கிறார்கள், எனக்குத் தூக்கமே இல்லை” என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வேலை செய்கிறவர்களுக்கும் ஆகும், என்னைப் போல் பயிற்சி தருகிறவர்களுக்கும் ஆகும்.

‘ஸ்டேட்’ என்கிறார்களே, அது யார்?

மாநில அரசின் ஆய்வாளர்கள். நாங்கள் சர்வேயர் என்போம், அவர்கள் செய்வது சர்வே. மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவச் செலவுத் திட்டங்களிடமிருந்து பணம் வாங்கும் நர்சிங் ஹோம் எதுவானாலும் மத்திய அரசின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். அந்தத் திட்டங்களை நடத்தும் சி.எம்.எஸ். என்ற மத்திய அமைப்பு, நேரில் போய்ப் பார்க்கும் வேலையை அந்தந்த மாநிலத்தின் துறையிடம் கொடுத்திருக்கிறது. விதி மத்திய அரசுடையது, வாசலில் வந்து நிற்பவர்கள் மாநிலத்துக்காரர்கள்.

இதன் பின்கதையைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் சர்வேயர் எதைத் தேடுகிறார் என்பது அதில்தான் இருக்கிறது. நர்சிங் ஹோம்களில் முதியவர்களைக் கட்டி வைப்பதும் மருந்து கொடுத்து மயக்கி வைப்பதும் சாதாரணமாக நடந்த காலம் ஒன்று இருந்தது. அப்போதைய ஆய்வு பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்தது: கட்டிடம் சரியா, கொள்கைப் புத்தகம் இருக்கிறதா, நல்ல கவனிப்பைத் தரக்கூடிய வசதி இருக்கிறதா என்று. 1986-இல் வந்த ஒரு பெரிய நிபுணர் குழு அறிக்கை இது போதாது என்றது. 1987-இல் சட்டம் மாறியது. தரக்கூடிய வசதி இருக்கிறதா என்ற கேள்வி போய், இந்த மனிதருக்கு அந்தக் கவனிப்பு உண்மையில் கிடைத்ததா என்ற கேள்வி வந்தது. இன்றைக்கும் சர்வே அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

எப்போது வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியுமா?

தெரியாது, தெரியவும் கூடாது. முந்தைய சர்வே முடிந்து 15 மாதத்துக்குள் அடுத்தது நடந்தாக வேண்டும், மாநிலம் முழுவதற்குமான சராசரி இடைவெளி 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. அதனால் பத்தாவது மாதத்திலிருந்தே நிர்வாகிகளின் முகம் மாறத் தொடங்கும். தேதியை முன்னால் கசியவிடுகிறவருக்கு அபராதம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு சர்வேயாவது வார இறுதியிலோ, விடிகாலையிலோ, மாலைக்குப் பிறகோ தொடங்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பகல் ஷிப்டுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு, இரவு ஷிப்டில் இருக்கிற இரண்டு சி.என்.ஏ.க்களையும் (குளிப்பாட்டி, ஊட்டிப் பார்த்துக்கொள்ளும் நர்சிங் உதவியாளர்கள்) ஒரு நர்ஸையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. காலை 5.30 மணிக்குக் கதவு தட்டப்பட்டால் திறக்கப் போவது அவர்கள்தான்.

இது தவிர யாராவது புகார் கொடுத்தால் அதற்கென்று தனியாக எந்த நாளும் வரலாம்.

முதல் நாள் என்ன நடக்கும்?

மூன்று நான்கு பேர் அடையாள அட்டையோடு வந்து நிற்பார்கள், ஐந்து நிமிடத்தில் கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிடும். குழுவில் ஒருவராவது ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ் ஆக இருக்க வேண்டும் என்பது விதி. குழுத் தலைவர் நிர்வாகியோடு உட்கார்ந்து ரெசிடென்ட் (அங்கே தங்கியிருப்பவர்) பட்டியல், ஷிப்ட் பட்டியல், சாப்பாட்டு நேரம், மருந்து நேரம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் நேராகச் சமையலறைக்குப் போயிருப்பார், மீதிப்பேர் உங்கள் யூனிட்டில் இருப்பார்கள்.

ஒரு சர்வேயருக்குச் சுமார் 8 ரெசிடென்ட் வீதம் முதல் சுற்று. அறைக்குள் போய் உட்கார்ந்து பேசுவார்கள். புதிதாக வந்தவர்கள், பேச முடியாதவர்கள், ஏற்கெனவே புகார் இருப்பவர்கள், இவர்களை விடாமல் பார்ப்பார்கள். “மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள்?”, “நீங்கள் விரும்பும் நேரத்தில் குளிக்க விடுகிறார்களா?”, “இங்கே யாராவது உங்களிடம் கடுமையாக நடந்துகொண்டார்களா?” என்று கேட்பார்கள். பேச முடியாதவர் என்றால் வாயைப் பார்ப்பார்கள், நகத்தைப் பார்ப்பார்கள், சக்கர நாற்காலியில் எத்தனை மணி நேரமாக அதே நிலையில் சாய்ந்து கிடக்கிறார் என்று பார்ப்பார்கள். பிறகுதான் கணினியில் பதிவைத் திறப்பார்கள். முதல் நாள் மதியச் சாப்பாடு பரிமாறும்போது கட்டாயம் நிற்பார்கள். ஒரு சர்வே பெரும்பாலும் மூன்று நான்கு நாள் ஓடும்.

ஒரு வாரம் தீவிரமாகப் பயிற்சி கொடுத்தால் போதாதா?

போதாது. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். முப்பது பேரைச் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் விதிகளை வாசித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினேன். மறுநாள் யூனிட்டில் நடந்தபோது ஒன்றும் மாறியிருக்கவில்லை. ஷிப்ட் முடித்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு உட்கார்ந்தவர்கள், பாவம், அவர்களைக் குறை சொல்லவே முடியாது.

இப்போது செய்வது வேறு. ஷிப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம், நின்றபடியே, ஒரே ஒரு விஷயம். திங்கள்கிழமை கால் லைட் (ரெசிடென்ட் உதவிக்கு அழைக்க அழுத்தும் மணி விளக்கு) என்றால் அந்த வாரம் முழுவதும் கால் லைட்தான். அப்புறம் நான் யூனிட்டில் போய் நிற்கிறேன், லைட் எரிந்ததும் கையில் கடிகாரத்தைப் பார்க்கிறேன், யார் தாண்டிப் போகிறார் என்று பார்க்கிறேன். தாண்டிப் போனவரைத் திட்டுவதில்லை, “அந்த அறை உங்கள் பொறுப்பு இல்லைதான், ஆனால் உள்ளே எட்டிப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்க முடியும் அல்லவா” என்று அந்த இடத்திலேயே சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு யூனிட்டின் நர்ஸை வைத்து ஒத்திகை சர்வே, அதில் ஒன்று கண்டிப்பாக இரவு ஷிப்டில்.

மத்திய விதிப்படி ஒருவர் சி.என்.ஏ. ஆவதற்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, அப்புறம் ஆண்டுக்குக் குறைந்தது 12 மணி நேரம். இந்த 12 மணி நேரத்தைக் கணினியில் வீடியோ ஓடவிட்டு முடித்துவிடலாம், நிறைய இடங்களில் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் படுக்கையிலிருந்து ஆளைப் பட்டையில் வைத்துத் தூக்கும் லிஃப்ட் இயந்திரத்தால் ஒருவரைத் தூக்குவதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது, தூக்கித்தான் கற்க வேண்டும். நான் பயிற்சியில் அந்தப் பட்டையில் ஊழியர்களையே உட்கார வைத்துத் தூக்குகிறேன். காற்றில் தொங்கும் அந்த அரை நிமிடம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர் அதன் பிறகு எந்தப் பாட்டியையும் சொல்லாமல் தூக்குவதில்லை.

சர்வேயர் என்னை நிறுத்திக் கேள்வி கேட்டால்? என் இங்கிலீஷ் வேறு தடுமாறும்.

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் “எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். கேர் பிளான் (ஒருவருக்கான கவனிப்புத் திட்டம்), கேர் கார்டு (அதன் சுருக்க அட்டை), சார்ஜ் நர்ஸ் (அந்த ஷிப்டின் பொறுப்பு நர்ஸ்), இந்த மூன்றில் ஒன்றில் பதில் இருக்கும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பது ஒரு தகுதி, அதைச் சர்வேயர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஊகித்து மட்டும் சொல்லாதீர்கள். “இவருக்குத் தண்ணீர் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டுமா?” என்ற கேள்விக்கு ஊகத்தில் ‘இல்லை’ என்றால், நாளைக்கு அதே ஊகத்தில் ஒருவருக்குப் புரையேறிவிடும்.

நம்மவர்களிடம் நான் கண்ட இரண்டு பழக்கங்கள். ஒன்று, பெரியவர் பேசும்போது புரியாவிட்டாலும் “யெஸ், யெஸ்” என்பது. நமக்கு அது மரியாதை, எதிரில் இருப்பவருக்கு அது பதில். “இன்றைக்கு இவரைத் திருப்பிப் படுக்க வைக்கவில்லையா?” என்று கேட்டதற்கு ‘யெஸ்’ என்றால் என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று நம் தலையாட்டல். பக்கவாட்டில் ஆட்டி ‘சரி’ என்போம், அமெரிக்கருக்கு அது ‘இல்லை’ போலத் தெரியும். வாயைத் திறந்து சொல்லுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் “கொஞ்சம் மெதுவாக மறுபடி கேட்க முடியுமா” என்று கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. அவர் வந்தது உங்கள் இங்கிலீஷைச் சோதிக்க இல்லை.

திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை சில உண்டு. இந்த ரெசிடென்டுக்கு என்ன உதவி தேவை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வீர்கள்? ஒருவர் அடிபட்டதையோ அடிக்கப்பட்டதையோ பார்த்தால் யாரிடம் சொல்வீர்கள், எவ்வளவு நேரத்துக்குள்? கடைசிக் கேள்விக்குப் பதில் “உடனே”. முதலில் அந்த முதியவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அடுத்த நொடி சார்ஜ் நர்ஸிடமும் நிர்வாகியிடமும் சொல்ல வேண்டும். துன்புறுத்தல் நடந்ததாகச் சந்தேகம் வந்தாலோ பெரிய காயம் என்றாலோ நிறுவனம் 2 மணி நேரத்துக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும், விசாரணை முடிவை 5 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்த 2 மணி நேரத்தில் ஒன்றே முக்காலை நீங்கள் யோசிப்பதில் கழித்துவிடக் கூடாது.

துன்புறுத்தல் என்றால் அடிப்பது மட்டும்தானே?

இல்லை. திட்டுவது, மிரட்டுவது, அவமானப்படுத்துவது, தனியே பூட்டி வைப்பது, பணத்தை எடுப்பது, தவறாகத் தொடுவது, போனில் படம் எடுத்துப் பகிர்வது, தேவையானதைச் செய்யாமல் விடுவது எல்லாமே அதற்குள் வரும்.

அதற்குக் கீழே இன்னொரு தளம் இருக்கிறது, கண்ணியம். இங்கேதான் நல்ல மனசுக்காரர்களே தவறுகிறார்கள். நம் வீட்டில் தாத்தாவுக்கு ஊட்டும்போது நின்றபடி, பேச்சுக் கொடுத்தபடி, சோற்றை உருட்டி வைப்போம். இங்கே நின்றுகொண்டு ஊட்டினால் சர்வேயர் எழுதுவார். காரணம் இல்லாமல் இல்லை, தலைக்கு மேலே இருந்து ஒரு கரண்டி வருவது எப்படி இருக்கும் என்று ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். நாற்காலியைப் போட்டு, கண்ணுக்கு நேராக உட்கார்ந்து ஊட்டுங்கள். கதவைத் தட்டி, பதிலுக்கு ஒரு நொடி காத்திருந்து உள்ளே போங்கள். ‘ஸ்வீட்டி’, ‘கிராண்ட்மா’ வேண்டாம், அவர் எப்படி அழைக்கப்பட விரும்புகிறாரோ அப்படி அழையுங்கள். ‘டயப்பர்’ என்ற சொல் வேண்டாம், ‘ப்ரீஃப்’ போதும். ஊட்டிவிட வேண்டியவர்களை ‘ஃபீடர்ஸ்’ என்று சொல்லாதீர்கள். மூத்திரப் பையை மூடி வையுங்கள். இரண்டு ஊழியர்கள் ஒரு முதியவரின் உடலுக்கு மேலாகத் தமிழிலோ மலையாளத்திலோ பேசிக்கொண்டு சிரிப்பது, நம்மவர்கள் இதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். அவரைப் பற்றித்தான் சிரிக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டு படுத்திருப்பார்.

மெட் பாஸை, அதாவது நான் வேளைக்கு மருந்து கொடுப்பதை, சர்வேயர் பார்க்கும்போது கை நடுங்குகிறது. என்ன பார்ப்பார்கள்?

மருந்து கொடுப்பதைச் சர்வேயர் குறைந்தது 25 வாய்ப்புகள் பார்ப்பார், அதாவது 25 மருந்துகள் கொடுக்கப்படும் தருணங்கள், பல நர்ஸ்களிடம் சேர்த்து. பிழை விகிதம் 5 சதவீதத்தை எட்டினால் குறை எழுதப்படும். 25-இல் ஒரு பிழை என்றால் 4 சதவீதம், இரண்டு என்றால் 8. ஆக இரண்டாவது பிழையிலேயே எல்லை தாண்டிவிடும். ஆபத்தான பிழை என்றால் ஒன்றே போதும், விகிதமே பார்ப்பதில்லை.

மருந்து தெரியாததால் வரும் பிழை குறைவு. பழக்கத்தில் வருவதுதான் அதிகம். இன்சுலின் பேனாவில் ஊசி மாட்டியதும் 2 யூனிட் காற்றில் தள்ளிப் பார்க்காமல் குத்திவிடுவது. ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வைக்காதது. மெதுவாகக் கரையவேண்டிய மாத்திரையைப் பொடித்துக் கலக்குவது. சாப்பாட்டோடு கொடு என்று எழுதியிருப்பதை வெறும் வயிற்றில் கொடுப்பது. மாத்திரைக் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு “அப்புறம் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்” என்று நகர்வது. மருந்து வண்டியைப் பூட்டாமல் அறைக்குள் போவது, திரையில் ஒருவரின் மருந்துப் பட்டியல் எல்லாருக்கும் தெரியும்படி விட்டுப் போவது. கொடுக்கும் முன்பே கொடுத்ததாகப் பதிவது. சர்க்கரை பார்க்கும் கருவியை அடுத்தவருக்குக் கொண்டுபோகும் முன் துடைப்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அந்தத் துடைப்பானின் டப்பாவில் எழுதியிருக்கும் நிமிடம் முழுக்க அது ஈரமாக இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

கை நடுக்கத்துக்கு நான் சொல்லும் ஒரே வழி: யாரும் பார்க்காத செவ்வாய்க்கிழமை மாலையில் நான் உங்கள் பின்னால் நிற்கிறேன், ஒருமுறை, இருமுறை, ஐந்துமுறை. ஆறாவது முறை வேறொருவர் நின்றால் பழகியிருக்கும்.

கையுறை போட்டிருந்தால் கை கழுவ வேண்டாம்தானே?

வேண்டும். போடும் முன்பும் கழற்றிய பின்பும். ஒருவரைச் சுத்தம் செய்த கையுறையோடு கதவுப் பிடியைத் தொடுவது, அதே கையுறையோடு புண்ணுக்குப் போவது, சர்வேயர் அறை மூலையில் நின்று அமைதியாகப் பார்ப்பது இவற்றைத்தான். 2024 ஏப்ரலிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஆறாத புண், மூத்திரம் போகப் பொருத்திய குழாய், உணவு செலுத்தப் பொருத்திய குழாய் இப்படி உள்ளவர்களைக் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் தூக்கும்போதும் கையுறையோடு கவுனும் போட வேண்டும், அவர்களுக்குத் தொற்று இல்லாவிட்டாலும். கவுன் அந்த அறை வாசலிலேயே கைக்கு எட்டும்படி இருந்தால் போடுவார்கள், ஸ்டோர் அறையில் பூட்டி வைத்தால் போட மாட்டார்கள். இது பயிற்சி தருகிறவர்களுக்கு.

சமையலறை?

சுருக்கமாக: குளிர்ந்தது 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, சூடானது 135-க்கு மேலே. திறந்த எல்லாவற்றிலும் தேதி. தலைமுடிக்கு வலை, தாடிக்கு வலை. ஐஸ் இயந்திரத்தின் உள்பக்கம். யூனிட்டில் இருக்கும் சின்ன ஃபிரிட்ஜையும் மறக்க வேண்டாம், ஊழியர்களின் சாப்பாட்டு டப்பா பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

பதிவில் விட்டுப்போன கட்டங்களை இப்போது நிரப்பினால் என்ன?

நிரப்பாதீர்கள். யார் சொன்னாலும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், சர்வேயர்கள் கீழ்த்தளத்தில் இருக்கும்போது மேலதிகாரி ஒருவர் புண் கட்டும் பதிவேட்டைக் கொண்டுவந்து காலியான இடங்களில் கையெழுத்துப் போடச் சொன்னார். கூட வேலை செய்த பெண் ஒருத்தி, இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, பயந்து போட்டுவிட்டாள். அவள் போட்ட தேதிகளில் மூன்று நாள் அந்த ரெசிடென்ட் நர்சிங் ஹோமிலேயே இல்லை, மருத்துவமனையில் இருந்தார். சர்வேயர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். புண் கட்டாதது ஒரு குறை. கட்டியதாக எழுதியது பொய்ப் பதிவு, அது அவளுடைய லைசென்ஸ் வரைக்கும் போனது. போடச் சொன்னவர் அப்படிச் சொல்லவே இல்லை என்றார்.

செய்ததை எழுத மறந்திருந்தால், உண்மையிலேயே செய்திருந்தால், தாமதப் பதிவு என்று குறித்து, இன்றைய தேதி நேரத்தோடு எழுத வழி இருக்கிறது. செய்யவில்லை என்றால் காலியாகவே இருக்கட்டும். யாராவது கட்டாயப்படுத்தினால் “எனக்கு நினைவில்லாததில் கையெழுத்துப் போட முடியாது” என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை நான் எல்லாப் புது நர்ஸ்களையும் வாய்விட்டுச் சொல்ல வைத்துப் பழக்குகிறேன், இங்கிலீஷில், என் முன்னால்.

ஆய்வு நாளில் மட்டும் ஆள் அதிகம் போட்டால் தெரியாதா?

தெரியும். ஒவ்வொரு நாளும் யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்ற சம்பளக் கணக்கு மத்திய அரசுக்கு ஏற்கெனவே போகிறது. சர்வேயர்கள் ரெசிடென்ட் கவுன்சிலை (ரெசிடென்டுகளே கூடிப் பேசும் குழு) தனியாக உட்கார வைத்தும் பேசுவார்கள். அங்கே ஒரு தாத்தா, “இந்த வாரம் கனிவாக இருக்கிறார்கள், போன வாரம் முக்கால் மணி நேரம் ஈரத்தில் கிடந்தேன்” என்று சொன்னால் முடிந்தது. ஒரு ஆர்.என். நாளுக்குத் தொடர்ந்து 8 மணி நேரம், வாரம் 7 நாளும் இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச மத்திய விதி. மாநிலங்கள் சிலவற்றில் இதற்கு மேலும் உண்டு. ஆள் இல்லாத இடத்தில் எந்தப் பயிற்சியும் நிற்காது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்வதும் பயிற்சியாளரின் வேலை என்றுதான் நான் நினைக்கிறேன்.

தீ, கரண்ட் போவது இதெல்லாம் கட்டிடக்காரர்கள் வேலை இல்லையா?

இல்லை. தீ ஒத்திகை ஒவ்வொரு ஷிப்டிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும். சர்வேயர் இரவு சி.என்.ஏ.யிடம் “இந்த யூனிட்டில் ஆக்சிஜனை நிறுத்தும் இடம் எது?” என்று கேட்கலாம். 2017 செப்டம்பரில் இர்மா புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவின் ஹாலிவுட் நகரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ஏ.சி. நின்றுபோனது. அந்த வெக்கையில் 12 முதியவர்கள் இறந்தார்கள், சாலைக்கு எதிர்ப்பக்கமே மருத்துவமனை இருந்தது. அறை சூடாகிறது, இவருக்கு மூச்சு மாறுகிறது என்று முதலில் பார்ப்பது கட்டிடக்காரர் அல்ல, நீங்கள். எப்போது அவசர எண் 911-ஐ அழைப்பது, யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பது எல்லா ஷிப்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குறை கண்டுபிடித்தால் என் வேலை போகுமா? லைசென்ஸ் போகுமா?

சர்வேயர் குறை எழுதுவது நிறுவனத்தின் மேல், உங்கள் பெயர்கூட அறிக்கையில் வராது, ‘நர்ஸ் 2’, ‘சி.என்.ஏ. 4’ என்பது போலத்தான் வரும். நேர்மையாகச் செய்த ஒரு சிறு பிழைக்காக லைசென்ஸ் போவதில்லை. துன்புறுத்தல், திருட்டு, பொய்ப் பதிவு, இவை வேறு கதை. சி.என்.ஏ. ஒருவர் ரெசிடென்டைத் துன்புறுத்தியது உறுதியானால் மாநிலப் பதிவேட்டில் ஏறிவிடும், பிறகு எந்த நர்சிங் ஹோமும் வேலைக்கு எடுக்க முடியாது.

ஒவ்வொரு குறைக்கும் ஏ-யிலிருந்து எல் வரை ஓர் எழுத்து. எவ்வளவு தீங்கு, எத்தனை பேருக்கு என்ற இரண்டையும் வைத்து எழுத்து முடிவாகும். டி, இ, எஃப் என்றால் தீங்கு நடந்திருக்கவில்லை, ஆனால் நடந்திருக்கலாம். ஜி-யிலிருந்து ஒருவருக்கு உண்மையிலேயே தீங்கு நடந்திருக்கிறது. ஜே, கே, எல் என்றால் உயிருக்கே ஆபத்து என்ற நிலை, கட்டிடமே அன்றைக்குத் தூங்காது, சரிசெய்யாவிட்டால் 23 நாளில் அரசுப் பணம் நின்றுவிடும். மற்ற குறைகளுக்கு, அறிக்கை கைக்கு வந்த 10 நாளுக்குள் எப்படிச் சரிசெய்வோம் என்ற திட்டத்தை நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3 மாதத்தில் சரியாகாவிட்டால் புதிதாகச் சேரும் ரெசிடென்டுகளுக்கு அரசுப் பணம் கிடையாது, 6 மாதத்தில் அரசோடு உள்ள ஒப்பந்தமே முடிந்துவிடும்.

அந்தத் திட்டத்தில் ‘ஊழியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கப்படும்’ என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். பல நேரம் அதை எழுதுகிறவர்கள், பிழைக்கு உண்மையான காரணம் பயிற்சி இல்லாததா என்றே பார்ப்பதில்லை. 20 பேரை ஒரே ஆள் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு பாட்டிக்குப் படுக்கைப்புண் வந்திருந்தால், அந்த ஒரே ஆளுக்கு மறுபடி புண் பற்றிப் பாடம் நடத்துவதில் என்ன பயன்? எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

நான் பார்த்த தவறைச் சர்வேயரிடம் நானே சொல்லலாமா? விசா இவர்கள் கையில் இருக்கிறது.

சொல்லலாம், தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம், அதை நிறுவனம் தடுக்கக் கூடாது. ஒரு ரெசிடென்டுக்கு எதிராகக் குற்றம் நடந்ததாக நியாயமான சந்தேகம் இருந்தால் தெரிவிப்பது உங்கள் மேல் சட்டமே சுமத்திய கடமை, 2010 முதல் இருக்கிறது. அப்படித் தெரிவித்தவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. சர்வே வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை, மாநிலத்தின் புகார் எண் சுவரில் ஒட்டியிருக்கும், ரெசிடென்டுகளுக்காகப் பேசும் ஆம்பட்ஸ்மன் எண்ணும் பக்கத்திலேயே இருக்கும்.

பயம் எனக்குப் புரிகிறது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கி வந்தவர்களுக்கு அது சின்னப் பயம் இல்லை. அதனால் தேதி, நேரம், என்ன பார்த்தீர்கள் என்பதை உங்களுக்காக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ரெசிடென்டின் பெயரையோ பதிவேட்டின் படத்தையோ வீட்டுக்குக் கொண்டுபோகாமல். முதலில் உள்ளே எழுத்தில் சொல்லுங்கள். விசா பற்றிய கேள்விக்கு முதலாளியின் வக்கீலை நம்பாமல் உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

வேலைக்குச் சேரும் முன்பே ஓர் இடம் எப்படி என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், தயவுசெய்து செய்யுங்கள். மெடிகேர் இணையதளத்தில் ‘கேர் கம்பேர்’ என்ற பகுதியில் நர்சிங் ஹோம் பெயரைப் போட்டால் கடந்த சர்வேக்களின் முழு அறிக்கை வரும். நட்சத்திர மதிப்பீட்டை மட்டும் பார்க்காமல் அறிக்கையைத் திறந்து வாசியுங்கள். ஜி அல்லது அதற்கு மேல் எத்தனை, ஒரே குறை இரண்டு சர்வேயிலும் வந்திருக்கிறதா, ஆள் பற்றாக்குறை பற்றி ரெசிடென்டுகள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஊரில் இருக்கும்போதே, ஏஜென்சி காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதைச் செய்ய முடியும்.

இங்கே வந்துவிட்டவர்கள் என்றால் நேரில் போங்கள். கடைசி சர்வேயின் அறிக்கை எல்லாரும் எடுத்துப் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும் என்பது விதி, பெரும்பாலும் வரவேற்பறையில் ஒரு கோப்பில் இருக்கும். அதைக் கேட்டதும் யோசிக்காமல் எடுத்துத் தருகிறார்களா என்று கவனியுங்கள். தந்தால், அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே, உள்ளே கால் லைட் அடித்தால் எவ்வளவு நேரம் அடிக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள்.